அத்தியாயம் 7: தோல் லாரிக்கும் பொம்மை லாரிக்கும் எனாமல்

பச்சைத் தோல் ஏற்றும் லாரியின் பின்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். மேல்பாதியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கீழ்ப்பாதியில், கீல்களைச் சுற்றி, பட்டாணி அளவில் கொப்புளங்கள் எழும்பியிருக்கும். நிறம் மாறியிருக்காது, மினுக்கும் போயிருக்காது. விரலால் அழுத்தினால் பொசுக்கென்று உடைந்து பழுப்பு நீர் வரும். நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், நானே அடித்த கதவில் இப்படி ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தி, வந்த நீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. (பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நீங்கள் நாக்கை நீட்ட வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.)

அன்றுவரை பெயிண்ட் டப்பாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனி மாற்றினேன், தின்னர் மாற்றினேன், பிரஷ்கூட மாற்றினேன். தப்பு பெயிண்டுக்குக் கீழே இருந்தது.

உரித்த தோல் அழுகாமலிருக்க, நூறு கிலோ தோலுக்கு நாற்பது கிலோ வரை உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு தோலின் ஈரத்தை இழுத்து, கரைசலாகி, லாரித் தளத்தின் இடுக்குகளில் சொட்டிக்கொண்டே வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வந்து சேருகிறது. கடற்கரை இங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆனாலும் நம் லாரிகளுக்கு வருவது மீன் லாரிக்கு வரும் வியாதிதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து நனைந்துவிடும். ஐப்பசி கார்த்திகை இரவுகளில் அந்த ஈரம் சாதாரணம். பெயிண்ட் படலம் நாம் நினைப்பதுபோல் முழுக்க நீர் புகாத சுவர் அல்ல. அடியில் உப்பு மாட்டிக்கொண்டால், அது படலத்தின் வழியாகவே மேலேயிருந்து நீரை உறிஞ்சும். நீர் சேர்ந்தால் கொப்புளம், கொப்புளத்துக்குள் துரு.

உலர்வது வேறு, முற்றுவது வேறு

கடையில் எனாமல் என்று கேட்டால் தருவது சிந்தடிக் எனாமல். நகைக்கும் கிண்ணத்துக்கும் சூளையில் சுட்டு ஏற்றும் கண்ணாடிப் பூச்சுக்கும் அதே பெயர்தான், அந்த மினுக்கை நினைத்து வைத்தது. டப்பாவுக்குள் இருப்பது ஆல்கைடு என்ற பிசின். ஆல்கஹாலையும் ஆசிட்டையும் சேர்த்துச் செய்வதால் 1927-இல் அதற்கு அந்தப் பெயரைக் கட்டினார்கள். இந்தப் பிசினோடு ஆளிவிதை எண்ணெய் போன்ற, காற்றில் இறுகும் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கும். தொழில் முழுக்க இந்த எண்ணெயின் குணத்தில்தான் நிற்கிறது.

என்.சி. பெயிண்டில், அதாவது நம்மவர்கள் இன்றும் டூக்கோ என்று சொல்வதில், தின்னர் பறந்துவிட்டால் வேலை முடிந்தது. எனாமல் அப்படியல்ல. முதலில் டர்பெண்டைன் பறக்கிறது. நான்கைந்து மணி நேரத்தில் விரல் ஒட்டாது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெள்ளமெள்ள இறுகுகிறது. நெல்லுக்குப் பால் பிடித்தபின் முற்றுவதுபோலத்தான். மறுநாள் தட்டினால் கெட்டியாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். முழுக்க முற்ற ஒரு வாரம் முதல் பத்து நாள் வேண்டும், அடைமழையில் இன்னும் கூட.

இதனால்தான் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்று ஆய்வுக்கு, முந்தின நாள் அடிக்கும் பெயிண்டை நான் பெயிண்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டு வயது தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். தேதி நெருங்கியதும் சேற்றைத் துடைத்து, துருவின் மேலேயே ஒரு கை கெட்டியாக அடித்து, ஈரம் காயாமல் ஆய்வுக்கு ஓட்டிப்போவது ஊர் வழக்கம். அடுத்த வாரமே வாட்டர் சர்வீஸில் பம்ப் அழுத்தம் பட்டதும் தோல் உரிகிற மாதிரி உரியும். எஃப்.சி. தேதிக்கு மூன்று வாரம் முன்பே வண்டியை விடச் சொல்லுங்கள். பாதிப் பேர் விட மாட்டார்கள். விடுகிறவர்களின் வண்டி நான்கைந்து வருடம் உங்களுக்கு விளம்பரம் செய்யும்.

எனாமல் எங்கே வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைக் பெட்ரோல் டாங்க்குக்கு வேண்டாம். முற்றிய எனாமலையும் பெட்ரோல் இளக்கிவிடும். அங்கே ஹார்டனர் கலக்கும் பி.யு. பெயிண்டுதான் நிற்கும். காருக்கும் அப்படியே. டேனரிக்குள் சுண்ணாம்புக் குழிப் பக்கம் ஓடும் தள்ளுவண்டிக்கும் வேண்டாம். சுண்ணாம்பு காரம், எனாமலில் இருப்பது எண்ணெய். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோப்பு காய்ச்சுகிறவரைக் கேளுங்கள். பிசுபிசுவென்று குழைந்து வழியும். அங்கே எபாக்ஸி. லாரியின் மரம், இரும்பு பாடி, சேஸிஸ், டிராக்டர் டிரெய்லர், கேட், மாட்டு வண்டி அச்சு இவையெல்லாம் எனாமலின் சொந்த ஊர். விலை குறைவு, கையால் அடிக்கலாம், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடலாம். பி.யு.வில் இந்தத் தொட்டுவிடும் வேலை அவ்வளவு சுலபமில்லை.

முதல் நாள் முழுக்கத் தண்ணீர்

"என்ன மேஸ்திரி, காலையிலேர்ந்து தண்ணியே ஊத்திக்கினு இருக்கீங்க, பெயிண்ட் எப்ப அடிப்பீங்க?"

"நாளன்னிக்கு, பாய்."

"அதுக்கா லாரிய நிறுத்திட்டு உக்காந்திருக்கேன்?"

தோல் லாரிக்காரர் ஒவ்வொருவரிடமும் எனக்கு இந்தப் பேச்சு நடக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள் முழுக்கக் கழுவுவதற்குத்தான்.

தளப் பலகைகளைத் தூக்குங்கள். அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்களின் உள்மடிப்பில் உப்பும் கொழுப்பும் முடியும் கலந்து ஒரு கறுப்புக் களி இருக்கும். சுரண்டியால் எடுத்துவிட்டு, கொழுப்புக்குச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீர் போட்டு நைலான் பிரஷால் தேய்த்து, பிறகு பம்ப் வைத்து அடியுங்கள். எமரி போடுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்பை இரும்பின் குழிகளுக்குள் நாமே அரைத்து ஏற்றுகிறோம். இந்தத் தேய்க்கும் தாளுக்கு நம் ஊரில் உப்புத்தாள் என்றே பேர், அந்தப் பேரை உண்மையாக்கிவிட வேண்டாம்.

அடுத்து, இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல். பாலாற்றங்கரையில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு. எவ்வளவு கழுவினாலும் காய்ந்ததும் வெள்ளைத் தடம் விட்டுப்போகும். அதனால் கழுவுவது போர்வெல் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். ஒரு லாரி பாடிக்கு மூன்று நான்கு கேன் பிடிக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடித்தால் இரண்டிலேயே முடிக்கலாம். அலசியதும் வெயிலுக்குக் காத்திராமல் கம்ப்ரெஸர் காற்றை ஊதிக் காய வையுங்கள்.

உப்பு போயிற்றா என்று பார்க்கும் வழி இதுதான். மெக்கானிக் கடையில் பேட்டரி தண்ணீர் வாங்குங்கள், அதில் உப்பு இருக்காது. பஞ்சை அதில் நனைத்து, சந்தேகப்படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்து, சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிழியுங்கள். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிவாகவே இருந்தால் பிரைமர் எடுக்கலாம். மோர் கலந்த மாதிரி வெண்மையாகக் கலங்கினால் மறுபடியும் கழுவ வேண்டும். இந்தக் கரைசல் விரலில் பட்டால் பட்ட இடம் கறுத்து, ஒரு வாரத்துக்குப் போகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

துரு எடுப்பதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கம்பி பிரஷ், 80-ஆம் நம்பர், பிறகு 120. பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை உரிக்க வேண்டாம், 220 போட்டு மினுக்கை மட்டும் எடுத்தால் போதும். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

பிரைமரில் ஒரு எச்சரிக்கை. ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோமேட் பிரைமர் துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. ஆனால் அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் வகை. தோல் பதனிடுவதில் ஊறவைக்கும் குரோமியம் மூன்று இணைதிறன் வகை, அது வேறு. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது முதல் வகைதான். அந்தக் குவியலின் கதை தெரிந்த ஊரில் இருந்துகொண்டு அதையே நாம் மூக்கில் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். குரோமேட்தான் கையில் இருக்கிறது என்றால் பிரஷால் அடியுங்கள், ஸ்ப்ரே வேண்டாம், காய்ந்ததை உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம்.

பாடியில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வைத்திருந்தால் அதன் மேல் நேராக எனாமல் போடவே கூடாது. துத்தநாகமும் எண்ணெய் அமிலமும் சேர்ந்து இடையில் சோப்புப் படலம் உண்டாகும். ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும். அங்கே முதலில் எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ போட்டு, அதன் மேல் எனாமல்.

அடிக்கும் நேரம்

அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினோரு மணிக்கு வெயிலில் நிற்கும் லாரித் தகட்டில் கை வைக்க முடியாது. அதில் அடித்த எனாமல் மேலே உடனே ஆடை கட்டிக்கொள்ளும். கீழே ஈரம் மாட்டிக்கொண்டு, மறுநாள் பார்த்தால் பால் ஆடை சுருங்கிய மாதிரி சுருக்கம். காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடியுங்கள், இல்லையென்றால் நிழலுக்குள் கொண்டு வாருங்கள். ஐப்பசியில் இது தலைகீழ். காலையில் தகட்டில் பனி வேர்த்திருக்கும். பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்குள் முடித்தால்தான் இரவு ஈரம் வருவதற்குள் மேல் பிடித்திருக்கும். சாயங்காலம் அடித்த எனாமல் பனி பட்டு மினுக்கு மங்கிவிடும்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குச்சி போட்டு அடிவரை கிண்டுங்கள். பிரஷுக்கு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி மினரல் டர்பெண்டைன் போதும். ஸ்ப்ரே கன்னுக்கு 150 முதல் 200. ஃபோர்டு கப் பி-4 வைத்திருப்பவர்கள் இருபதிலிருந்து இருபத்தைந்து வினாடியில் வடிகிற பதம் பார்த்துக்கொள்ளலாம். சீக்கிரம் காயட்டும் என்று பெட்ரோல் ஊற்றுவோர் உண்டு. மினுக்கு சாகும், பீடி பற்றவைக்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் ஆளும் சாவார். மண்ணெண்ணெய் ஊற்றினால் வாரக்கணக்கில் பிசுக்கு நிற்கும்.

ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் வரும். அதைவிடக் குறைவாக வந்தால் கெட்டியாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கெட்டியாக ஒரு கோட்டைவிட மெல்லிசாக இரண்டு, நடுவில் ஓர் இரவு. இரண்டாவதற்கு முன்பு 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் லேசாக. பிரஷை ஈரத்திலிருந்து காய்ந்த பக்கம் இழுக்காதீர்கள். புதுப் பெயிண்டைக் காய்ந்த இடத்தில் வைத்து, முன்பு அடித்த ஈர ஓரத்தை நோக்கி இழுத்து, நுனியால் தொட்டும் தொடாமலும் தூக்கிவிடுங்கள். திருவொற்றியூர் ஆலையில் புல்லட் டாங்க்கில் கையால் தங்கக் கோடு இழுத்தவர்களுக்கும் முடிவில் அந்தத் தூக்கல்தான் வித்தை.

முற்றாத எனாமலின் மேல் என்.சி. பெயிண்டோ பி.யு.வோ விழுந்தால் அடியிலிருப்பது வறுத்த வடகம் மாதிரி சுருண்டு எழும். அவசரத்தில் என்.சி. தின்னரில் நனைத்த துணியால் எனாமல் பேனலைத் துடைத்துவிட்டு முழுக் கதவையும் சுரண்டிய நாள் எனக்கும் உண்டு.

எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், மே மாதத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

மஞ்சள் ஏன் கறுக்கிறது

நம் பக்கம் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுக்கும் என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவு நீரில் அமிலம் கலந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஈயத்தையும் விடாது. பழைய வகை குரோம் மஞ்சள் நிறமியில் ஈயம் உண்டு. அதனால்தான் டேனரி வாசலில் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் மஞ்சள் பம்பர் அழுக்கே இல்லாமலும் பழுப்பேறியிருக்கும். கழுவினாலும் போகாது. வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற 2016-ஆம் வருட விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அந்த விதி தொழிற்சாலைப் பூச்சுகளைக் கட்டுப்படுத்தாது. மஞ்சளும் ஆரஞ்சும் வாங்கும்போது டப்பாவில் ஈயமில்லை என்ற வரியைத் தேடிப் பாருங்கள். வெள்ளைக்குக் கவலையில்லை, இப்போது அது டைட்டானியம்.

ஆலிவ் பச்சை கேட்டு வருகிற இளைஞர்களுக்கு முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் அந்த நிறத்தை ராணுவத்துக்கு மட்டும் வைத்திருக்கின்றன. வேறு நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும், அது வண்டிக்காரர் பொறுப்பு.

எழுத்து வேலைக்கு அடிக் கோட் ஒரு வாரம் முற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் தவறிய எழுத்தை டர்பெண்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுத முடியும், அடி நிறம் கலையாது. ஜலகண்டேஸ்வரர் துணையோ மாஷா அல்லாஹ்வோ, எழுத்துக்கு டர்பெண்டைன் கலக்காமல், இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் மட்டும் விடுங்கள். பிரஷ் நீளமாக ஓடும், வடியாது.

சின்ன லாரி

அட்டையிலும் ஃபோம் ஷீட்டிலும் அரசு பஸ்ஸையும் லாரியையும் அச்சு அசலாகச் செய்யும் பையன்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பெரிய வண்டியின் டப்பாவில் மிச்சமிருப்பதைக் கேட்டு வருவார்கள். கொடுங்கள், கூடவே ஒரு கணக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு கோட் எனாமல் காய்ந்தால் சுமார் 30 மைக்ரான் தடிமன். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்த லாரியில் அது நிஜ லாரியில் ஒன்றரை மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். ஆணித் தலையும் கதவு இடுக்கும் மூழ்கிப்போகும். அதனால்தான் மாடலுக்கென்று 14 மில்லி டப்பாவில் வரும் இங்கிலாந்து ஹம்ப்ரால் எனாமலில் நிறமியை அவ்வளவு நைசாக அரைத்திருப்பார்கள். நம் 50 மில்லி டப்பாவிலும் வேலை நடக்கும். நைலான் சாக்ஸில் வடிகட்டுங்கள், டர்பெண்டைனைத் தாராளமாக விட்டு நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, மூன்று கோட் மெல்லிசாக.

தெர்மாகோலில் மட்டும் படக்கூடாது, சைக்கிள் டயரில் ஆணி போன மாதிரி உள்வாங்கும். பிளாஸ்டிக் மாடல் கிட்டும் அதே பாலிஸ்டைரீன்தான், ஆனால் அது எனாமலைத் தாங்குகிறது. டர்பெண்டைன் பலவீனமான கரைப்பான். கெட்டித் தகட்டின் மேல்புறத்தைக் கவ்விப் பிடிக்கும் அளவுக்குத்தான் அதற்குப் பலம். தெர்மாகோலின் சுவர்களோ காகிதத்தைவிட மெல்லிசு. தெர்மாகோலில்தான் செய்தாக வேண்டுமென்றால் முதலில் ஃபெவிகாலில் காகிதம் ஒட்டி மூடிவிட்டு, அது காய்ந்தபின் எனாமல். என்.சி. தின்னர் இரண்டையும் தின்னும், ஃபோம் ஷீட்டையும் சேர்த்து.

மாடலில் எனாமலுக்கு இன்னொரு பெரிய உபயோகம் அழுக்கு. உடம்பு நிறத்தை அக்ரிலிக்கில் அடித்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு கறுப்பும் பழுப்பும் கலந்த எனாமலை டீத்தண்ணி மாதிரி நீர்க்க வைத்து, நுனிப் பிரஷால் கதவு இடுக்கில் தொட்டால் கோடு முழுக்கத் தானாக ஓடிப் போகும். வழிந்ததை அரை மணி கழித்து டர்பெண்டைன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், அக்ரிலிக்கை அது ஒன்றும் செய்யாது. தோல் லாரி மாடல் செய்த ஒரு பையன் பின்கதவுக் கீல் ஓரத்தில் பழுப்புக் கொப்புளத்தைக்கூடப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தான். அது நான் அடித்த வண்டியா என்று கேட்கவில்லை.

காயும்வரை தூசி விழாமல் ஒரு பேசினைக் கவிழ்த்து மூடுங்கள், விளிம்பின் கீழ் இரண்டு தீக்குச்சி வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். முற்றியதா என்று பார்க்க மாடலைத் தொட வேண்டாம், மூக்கருகில் கொண்டுபோய் முகருங்கள். எண்ணெய் வாடை துளி இருந்தாலும் இன்னும் வேலை நடக்கிறது என்று பொருள். மேல் கோட்டோ வார்னிஷோ அதற்கப்புறம்தான். இந்தச் சோதனையை ஆம்பூரில் செய்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து முகருங்கள். வெளிக்காற்று அடிக்கும்போது இங்கே எனாமல் வாடை யார் மூக்குக்கும் எட்டாது.